கொப்பி பார்த்தவன் கட்டியம் சொன்ன கதை

காதுக்குள் பயறு அளவில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு இப்போது நடிக்கிறார்கள். உடுவிலில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்தில் எழுதினேனே, அதில் நடித்த பிள்ளைகளின் காதுகளைத்தான் சொல்கிறேன். நாடகம் நல்ல திறம். தாயாக வந்த பிள்ளை தான் அழாமலே எங்களை அழவைத்தது. எழுதி முடிக்கும்போது, மேடை ஓரத்தில், நடிகர் மறந்த சொல்லை எடுத்துக் கொடுக்க வசனக் கொப்பி பார்க்கிறவருக்கு ஒரு கதிரை போட்டிருக்கவில்லையே என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். குறை சொல்லவில்லை. சைக்கிள்காரன் எந்த வீட்டுக்குப் போனாலும் சைக்கிளைச் சாத்த ஒரு மதிலைத் தேடுவான். அதைப்போல என் கண் அந்தக் கதிரையைத் தேடியது, அவ்வளவுதான்.

அந்த நாடகத்தை நெறிப்படுத்திய பிள்ளை கீழே எழுதினார். வசனம் மறந்தால் மண்டபத்தின் பின்னால் இருக்கும் ஒருவர் மெல்லச் சொல்வாராம். அது நடிகரின் காதுக்கு மட்டும் கேட்குமாம். "கொப்பி பார்க்கிறவர் இதைவிட மேலதிகமாக என்ன செய்தார் ஐயா? எங்களுக்கு விளங்கும்படி எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். கேள்வியில் பகிடி இல்லை, அறிகிற ஆசைதான் இருந்தது. அதற்குக் கீழே வேறு சிலரும் வந்து, தாங்களும் கேட்பதாக எழுதியிருந்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டீர்கள் பிள்ளைகளே. இனி நான் நிற்பாட்டும்வரை கேட்கத்தான் வேண்டும்.

நான் பருத்தித்துறைக் கரையில் பிறந்தவன். அப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் கடல். நான் மட்டும் வள்ளத்தில் ஏறினால், கரை கண்ணுக்கு மறைய முன்னமே சத்தி எடுத்துவிடுவேன். அப்பா சில தரம் கூட்டிக்கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு நாள் திரும்பி வந்து அம்மாவிடம், "உவன் மீனுக்குச் சாப்பாடு போடத்தான் வாறான்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அதோடு கடல் என்னை விட்டது. ஐஸ் கொம்பனியில் ஐஸ் உடைக்கிற வேலை கிடைத்தது. சம்பளம் தந்த வேலை அது. பெயர் தந்த வேலை நாடகத்துக்குக் கொப்பி பார்த்தது. ஊரில் என்னை நவரத்தினம் என்று கேட்டால் தெரியாது. "கொப்பி நவம்" என்றால் குழந்தைப்பிள்ளையும் வழிகாட்டும்.

நாடகம் நான் எங்கும் போய்ப் படித்ததில்லை. ஐஸ் கொம்பனிக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் எங்கள் மன்றத்தின் ஒத்திகை நடக்கும். வேலை முடிய அங்கே போய்க் குந்தி இருப்பேன். கொப்பி பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்குக் கண்ணில் பூ விழுந்து எழுத்து மங்கியபோது, பக்கத்தில் இருந்த என்னிடம் கொப்பியைத் தந்து, "நீ வாசி, நான் சொல்லுறன்" என்றார். கொஞ்ச நாளில் வாசிப்பதும் நானே, சொல்வதும் நானே. என் பயிற்சி இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அடிபட்டுப் பழகியது.

அடி என்று சொன்னாலும், எங்கள் அண்ணாவியார் யாரையும் ஏசினதில்லை. நாடகத்தை எழுதி, பாட்டுக்கு மெட்டுப் போட்டு, ஆட்களைப் பழக்கி மேடையேற்றுகிறவரைத்தான் நாங்கள் அண்ணாவியார் என்போம். எங்கள் கதிர்காமர் அண்ணாவியார் உடுப்பிட்டிக்காரர், வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். பின்னேரம் கிணற்றில் கால் கழுவிவிட்டுச் சைக்கிளில் வருவார். வந்து வாங்குப் பலகையில் குந்தி, மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுப்பார். ஒத்திகை முழுவதும் அந்தப் பாக்குவெட்டி நறுக் நறுக்கென்று நடந்துகொண்டே இருக்கும். பிழை வந்தால் அது நின்றுவிடும். அவர் தலை நிமிரமாட்டார், முகத்தைச் சுழிக்கமாட்டார். பாக்குவெட்டி நிற்கும், அவ்வளவுதான். நடிக்கிறவன் தானாகவே பின்னுக்குப் போய்ப் பிழை விட்ட இடத்தைத் தேடிப்பிடித்துத் திரும்பச் செய்வான். சரியாக வந்தால் பாக்குவெட்டி திரும்ப நடக்கும். அந்த நறுக் சத்தத்தை விடப் பெரிய பாராட்டை எங்களில் ஒருவரும் அவரிடம் வாங்கியதில்லை.

எனக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று. ஒரு நாள் நான் நடிகனுக்கு முழு வரியையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பாக்குவெட்டி நின்றது. எல்லாரும் போனபிறகு, "நவம், பயிரை இழுத்து வளக்கேலாது. தண்ணியை மட்டும் விடு" என்றார். அதற்குப் பிறகு நான் ஒரு சொல்லுக்கு மேல் கொடுத்ததில்லை.

இனி நெறியாளர் பிள்ளை கேட்டதற்கு வருகிறேன்.

கொப்பி பார்க்கிறவன் கொப்பியைப் பார்க்கிறவன் அல்ல. விரல் கொப்பியில் இருக்கும், கண் மேடையில் இருக்கும். பார்க்க வேண்டியது நடிகனின் முகத்தை இல்லை. முகம் பொய் சொல்லப் பழகினது. காலைப் பார்க்க வேண்டும். வசனம் வருகிறவன் காலை அழுத்தி நிற்பான். வசனம் வராதவனுக்குப் பெருவிரல் மெல்ல எழும்பும். மறதி வாய்க்குத் தெரிய முன்னம் காலுக்குத் தெரிந்துவிடும். எங்களுடைய நாடகங்களில் ராசாவும் வெறுங்காலோடுதான் நிற்பார், ஆகையால் எனக்கு வசதி. சப்பாத்துப் போட்டு நடிக்கிற சமூக நாடகம் என்றால் என் பாடு கஷ்டம்தான்.

பெருவிரல் எழும்பிய உடனே சொல்லக்கூடாது. அவன் ஒரு மூச்சு இழுப்பான். இழுத்த மூச்சோடு சொல் வந்தாலும் வரும். வராவிட்டால், அந்த மூச்சு வெளியே போகிற நேரத்தில் கொடுக்க வேண்டும். இழுக்கிற நேரம் கொடுத்தால் திடுக்கிடுவான். கொடுக்கிற சொல்லிலும் கவனம் வேண்டும். "ச" என்கிற சத்தம் காற்றில் தூரம் போகும். முன் பாயில் இருக்கிற சனத்துக்குப் பாம்பு சீறினது போலக் கேட்கும். ஆகவே "சபையோரே" என்று தொடங்குகிற வசனம் என்றால், நான் அடுத்த சொல்லைத்தான் கொடுப்பேன். அடுத்ததைக் கேட்டால் முன்னது தானே வரும். வால் தெரிந்தால் மாட்டை அடையாளம் பிடிக்கலாம்தானே.

ஆளுக்கு ஆள் கொடுக்கிற விதமும் வேறு. ஒருவருக்கு முதல் சொல் வேண்டும். இன்னொருவருக்கு, அவர் கடைசியாகச் சொன்ன சொல்லையே திரும்பச் சொன்னால்தான் ஓடும். வேறொருவருக்குச் சொல்லே வேண்டாம், நான் பக்கத் திரையைத் தொட்டு அசைத்தால் போதும். மின்சாரம் இல்லாத வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கை வைத்துக் கொப்பி பார்த்தேன். அந்த விளக்குக்குக் கொப்பியில் ஒரு வரிதான் தெரியும். நல்லதாய்ப் போயிற்று. மிச்சமெல்லாம் மனப்பாடமானது அப்போதுதான்.

இதெல்லாம் தேவைப்படாத ஆள் ஒருவர் மட்டும்தான். அவர்தான் எங்கள் ராசா, வல்லிபுரம் அண்ணை.

வல்லிபுரம் அண்ணை வள்ளம் ஓட்டினவர். கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள், அப்படிக் குரல். மன்றத்தில் யார் வந்தாலும் போனாலும் ராசா வேஷம் அவருக்குத்தான். முடியைத் தலையில் வைத்தால் பிறகு கழற்ற மனம் வராது. ஒருமுறை முடியோடு தேத்தண்ணிக் கடைக்குப் போய், "எங்கடை நாட்டிலை சீனி தட்டுப்பாடோ?" என்று கேட்டுச் சனத்தைச் சிரிக்கவைத்தவர். வசனம் மறந்து நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லி என்னைச் சீண்டாத நாளும் இல்லை. "கொப்பி பாக்கிறவன் காவல் நாய் மாதிரி. குலைக்கத் தேவையில்லை, வாசலிலை கிடந்தால் காணும்" என்பார். எனக்குக் கோபம் வராது. சோலி இல்லாமல் வாசலில் கிடந்து அவருடைய நடிப்பைப் பார்ப்பது எனக்கும் பிடித்த உத்தியோகம்.

கடற்கரைக் கோயில் திருவிழாவுக்கு அண்ணாவியார் புதிதாக ஒரு நாடகம் எழுதினார். கரையோர நாடொன்றின் ராசா, தன் காலம் முடிய முன்னமே முடியைக் கழற்றித் தம்பிக்குச் சூட்டுகிற கதை. ராசா வல்லிபுரம் அண்ணை. தம்பியாகச் சிவநேசன் என்ற இளைஞன். நல்ல குரல், நல்ல தோற்றம், அண்ணைக்குப் பிறகு ராசா வேஷம் இவனுக்குத்தான் என்று எல்லாரும் வாய்க்குள் சொல்லிக்கொண்ட ஆள்.

அந்த ஒத்திகையில்தான் முதன்முதலாக வல்லிபுரம் அண்ணையின் பெருவிரல் எழும்பக் கண்டேன்.

முதலில் ஒரு வசனத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினார். பிறகு சொன்னதையே திரும்பவும் சொன்னார். பாக்குவெட்டி நின்றது. அண்ணை என் பக்கம் திரும்பி, "நீ கொப்பியைப் பிரட்டிப்போட்டாய்" என்றார். நான் "ஓம் அண்ணை" என்றேன். அடுத்த நாள் மந்திரியைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் அவர் கண் சேரவில்லை.

அந்தக் கிழமையே அவருடைய மனைவி தங்கம் அக்கா ஐஸ் கொம்பனிக்கு வந்தா. கையில் பன்புல்லில் இழைத்த பை, மீன் வாங்க வந்த பாவனை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, வேறு யாரும் கேட்காதபடி சொன்னா. சந்தையில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வருகிறாராம். அடுத்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய் இருந்துவிடுகிறாராம். பெரிய மகளின் பெயர் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லையாம். டொக்டர் மெல்ல மெல்லக் கூடும் என்று சொல்லியிருக்கிறார்.

"ஆனா தம்பி, ஒத்திகை எண்டால் தானாய் எழும்பி முகம் கழுவி, வேட்டி மாத்திக்கொண்டு வெளிக்கிடுறார். மற்ற எல்லாத்தையும் நான் பாத்துக்கொள்ளுவன். உந்த நாடகத்தை மட்டும் அவரிட்டை இருந்து பறிச்சுப் போடாதையுங்கோ. சனத்துக்கு முன்னாலை அவரைச் சிரிப்பாக்கவும் வேண்டாம்."

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டா. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடக்கு என்று அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேடையில் விட்டால் சிரிப்பாகலாம். விடாவிட்டால் பறித்ததாகும். நான் அவவுடைய பையில் கொஞ்சம் ஐஸ் அள்ளிப் போட்டுவிட்டேன். "மீனே இல்லை தம்பி, ஐஸ் என்னத்துக்கு" என்று சொல்லிக்கொண்டே போனா.

அண்ணாவியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டு நின்றார். கேட்டுவிட்டு, "மரம் சாயிறது காகத்துக்கு முதல் தெரியும். எனக்கும் தெரியும்" என்றார். பிறகு வரம்பில் இருந்து யோசித்தார். சிவநேசனுக்கு ராசா வசனம் முழுக்கப் பாடம். அவனை மாற்றிவிட்டால் நாடகம் பிழைக்கும். அன்று பின்னேரமே சிவநேசனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் நிலத்தைப் பார்த்தபடி, "அண்ணை நிக்கேக்கை அந்த முடியிலை நான் கை வைக்க மாட்டன். அவராய்த் தந்தால் வாங்குவன்" என்றான். அண்ணாவியார் என்னைப் பார்த்தார்.

"நவம், உன்னாலை ஏலுமோ?"

"ஏலும்" என்று சொன்னேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் ஒத்திகையில் கண்டுபிடித்தோம். வசனம்தான் அவரை விட்டுப் போனது, பாட்டுப் போகவில்லை. ஆர்மோனியக்காரர் சுரத்தைப் பிடித்தால் போதும், பாட்டு முழுவதும் வாய்க்கால் தண்ணீர் போல வரும். ஒரு சொல் பிசகாது. அண்ணாவியார் வசனங்களை வெட்டினார். வெட்டிய இடத்தில் பாட்டை வைத்தார். பல காட்சிகளில் ராசா பாடினார், மந்திரி பேசினார். நான் சொல் கொடுக்கிற வேலையை ஆர்மோனியக்காரரிடம் பாதி ஒப்படைத்துவிட்டு, அவருக்குக் கண்ணால் சாடை காட்டினேன்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் வெட்டமுடியவில்லை. முடியைக் கழற்றித் தம்பிக்குக் கொடுக்க முன்னம் ராசா சபைக்குச் சொல்கிற வசனம். கதையே அதில்தான் நிற்கிறது. பாட்டாக்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. முடி துறக்கிற மனிதன் பாடிக்கொண்டு நிற்கமாட்டான், பேசத்தான் வேண்டும் என்று அண்ணாவியார் முடிவாகச் சொல்லிவிட்டார். ஒத்திகையில் அது ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரவில்லை.

திருவிழா அன்று பூசை முடிந்து விளக்குகள் ஏற்றிய நேரத்தில் நாடகம் தொடங்கியது. மணலில் பாய் போட்டு ஊரே இருந்தது. கச்சான் கடலை விற்கிறவர்கள், ஐஸ்கிறீம் வான், கடற்காற்றில் அடித்துக்கொண்ட முன்திரை. தங்கம் அக்கா சனத்தோடு இருக்கவில்லை. வேஷம் கட்டுகிற இடத்தில், அவருடைய சால்வையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

முதல் காட்சியில் கட்டியகாரன் வந்தான். ராசா வருகிறார் என்று கோல் தட்டிச் சபைக்கு அறிவிக்கிறவனைக் கட்டியகாரன் என்போம். வந்தான், "பராக், பராக்" என்று கூவினான், போனான். அந்த வேஷம் கட்டியவருக்கு இனி வேலை இல்லை. தலைப்பாகையையும் கோலையும் என் மூலையில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். பிறகு ராசா வந்தார். சனம் கை தட்டியது. பாட்டுக்குப் பாட்டு அவர் குரல் கோயில் மதிலில் பட்டுத் திரும்பி வந்தது. எதிர்ப் பக்கத் திரைக்குப் பின்னால் அண்ணாவியார் வாங்கில் இருந்தார். இசைக்கு நடுவிலும் பாக்குவெட்டி நடப்பதை அவருடைய கை அசைவில் கண்டேன்.

முடி கொடுக்கிற காட்சி வந்தது. சிவநேசன் முழங்காலில் நின்றான். ராசா முன்னுக்கு வந்தார். சபையைப் பார்த்தார். நின்றார்.

பெருவிரல் எழும்பியது.

மூச்சு இழுத்தார். வெளியே விட்டார். நான் சொல்லைக் கொடுத்தேன். எடுக்கவில்லை. அடுத்த சொல்லைக் கொடுத்தேன். அதையும் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் கொடுத்தபோது, கொப்பி பார்க்கிறவனுக்கு நடக்கக்கூடாதது எதுவோ அது நடந்தது. ராசா தலையைத் திருப்பி, என் மூலையை நேராகப் பார்த்து, மைக்கில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மோனை சொல்லுறாய்?" என்று கேட்டார்.

முன் பாயில் பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். திரைக் கயிற்றைப் பிடித்திருந்தவர் அண்ணாவியாரைப் பார்த்தார், இறக்கட்டோ என்று. அண்ணாவியாரின் கை நின்றிருந்தது. திரையை இறக்கினால் சிரிப்பு அப்படியே நிலைத்துவிடும். நாளைக்குச் சந்தையில், பள்ளிக்கூட வாசலில், அவர் போகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்பு முன்னுக்கு நடக்கும். வேஷம் கட்டுகிற இடத்தில் தங்கம் அக்கா எழும்பி நின்றதைக் கண்டேன்.

என் கைக்குப் பக்கத்தில் அந்தக் கோலும் தலைப்பாகையும் இருந்தன.

மேடை வெளிச்சத்தில் நான் அதுவரை நின்றதே இல்லை. தலைப்பாகையைப் போட்டுக்கொண்டு, கட்டியிருந்த வேட்டியோடு, கோலைத் தட்டிக்கொண்டு போனேன். முதல் அடி வைத்ததுமே மேடை எனக்கு வள்ளமாகிவிட்டது. இந்தச் சனத்துக்கு முன்னால் சத்தி எடுத்தால் அப்பா மேலே இருந்து சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கட்டும்.

"பராக், பராக். அழைத்தீர்களா மகாராசா? இதோ வந்தேன்."

அண்ணை என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் என்னைத் தெரிந்ததற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. நான் சபையின் பக்கம் திரும்பினேன். "சபையோரே, மாமன்னர் இன்று திருவாய் மலர்வதை அடியேன் எடுத்துச் சொல்லும்படி கட்டளை" என்று சொன்னேன். பழைய கூத்தில் ராசா நேராகச் சனத்தோடு பேசமாட்டார், கட்டியகாரன்தான் சொல்வான் என்பது எங்கள் சனத்துக்குப் பழக்கமான முறை. சிரிப்பு அடங்கியது. பாய்களில் ஆட்கள் நிமிர்ந்து இருந்தார்கள்.

கொப்பி மூலையிலேயே கிடந்தது. தேவைப்படவில்லை. "நான் கட்டிய துறைமுகம் எனக்குப் பிறகும் நிற்கும் என்கிறார் எங்கள் அரசர்" என்றேன். அண்ணை தலையை ஆட்டினார். "வள்ளம் பழுதாக முன்னம் சுக்கானை மாற்றுகிறவனே மாலுமி என்கிறார்" என்றேன். அவருடைய உதடு அசைந்தது. அடுத்த வரியில் கடைசிச் சொல்லை என்னோடு சேர்ந்து சொன்னார். அதற்கு அடுத்ததில் பாதியை அவரே சொன்னார். பெருவிரல் பலகையில் பதிந்தது. பிறகு நான் ஒவ்வொரு வரியையும் சொல்ல, அவர் அதை வாங்கி, என்னிடம் இல்லாத குரலில் திருப்பிச் சொன்னார். தம்பியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய கடைசி வரியில் நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் தானாகவே சொன்னார். "இந்தப் பாரத்தை இனி நீ சும, தம்பி."

அத்தோடு நான் போயிருக்க வேண்டும். கோலைத் தட்டித் திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கட்டியகாரா, இவ்வளவு நாளும் நீ எங்கை நிண்டனி?"

இது கொப்பியில் இல்லை. சனம் காத்திருந்தது. "மறைவிலை நிண்டனான் மகாராசா" என்றேன்.

"ஏன், வெளியிலை வந்தால் நாங்கள் கடிச்சுப் போடுவமோ?"

கோயிலடி முழுவதும் சிரித்தது. இது வேறு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவர் முடியை இரண்டு கையாலும் கழற்றி, ஒருமுறை பார்த்து, சிவநேசனின் தலையில் வைத்தார். சிவநேசன் அழுதது நடிப்பு இல்லை. ஆர்மோனியக்காரர் சுரத்தைப் பிடித்தார். கடைசிப் பாட்டை அண்ணை தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனியாகப் பாடினார். பின்பாட்டுக்காரர்கள் பாட மறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரை இறங்கியபிறகு அண்ணாவியார் மேடையைக் கடந்து என்னிடம் வந்தார். பாக்குவெட்டி கையில் நடந்துகொண்டிருந்தது. "நவம், நிண்ட இடம் பிழை. கட்டியகாரன் ராசாவுக்கு இடப்பக்கம் நிக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கம் அக்கா தேங்காய் எண்ணெய் தொட்டு அண்ணையின் முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும், "தம்பி, தேத்தண்ணி குடிச்சியோ?" என்று கேட்டா. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

வல்லிபுரம் அண்ணை ராசாவாக நின்ற கடைசி மேடை அது. அடுத்த நாடகத்தில் சிவநேசன் ராசா. அண்ணாவியார் அதற்குப் பிறகு எழுதிய எல்லா நாடகத்திலும் கட்டியகாரன் கடைசிவரை மேடையில் நின்றான். ஏன் என்று கேட்டேன். அவர் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

நெறியாளர் பிள்ளைக்கு என் மறுமொழி இதுதான். காதுக்குள் வைக்கிற பொருள் நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருந்திருந்தால் நாங்களும் வைத்திருப்போம். சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்க என் வாயைவிட அது திறம். ஆனால் சொல் போய்ச் சேர்ந்தபிறகும் எடுக்கமுடியாமல் ஒரு மனிதன் நிற்பான். அப்போது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும், காலைப் பார்த்துக்கொண்டு. அவருக்கு ஒரு கதிரை போடுங்கள். ஒரு தலைப்பாகையும் கோலும் பக்கத்தில் சாத்திவையுங்கள்.

முடிக்க முன்னம் அடுத்த நாள் காலையைச் சொல்லவேண்டும்.

வல்லிபுரம் அண்ணையைத் தனியே அனுப்ப வேண்டாம் என்று தங்கம் அக்கா சொன்னதால், மீன் சந்தைக்கு அவரோடு நானும் போனேன். எனக்குள் பயம்தான். சந்தைச் சனத்துக்குக் கண்ணும் கூர், நாக்கும் கூர். பரிமளம் அக்கா சூடை மீனைக் குவித்து வைத்துக்கொண்டிருந்தா. நாடகம் என்றால் முன் பாயில் இருந்து பார்க்கிற ஆள், பார்த்தால் அடுத்த நாள் தீர்ப்புச் சொல்லாமல் மீன் விற்கமாட்டா. அண்ணையைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ மகாராசா" என்றா. கூட்டம் திரும்பியது. பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தியை நீட்டினா.

"உந்தக் கட்டியகாரனை ஆர் மேடையிலை விட்டது? மனுசன் எவ்வளவு வடிவாய்க் கதைப்பார். ஒரு வார்த்தை கதைக்க விட்டியே? குறுக்காலை வந்து குறுக்காலை வந்து, எல்லாம் நீயே கதைச்சுப்போட்டாய். வாய்க்காரன்."

பக்கத்துக் குவியல்காரியும் ஆமோதித்தா. மீன் வெட்டுகிறவரும் தலையை ஆட்டினார். அண்ணைக்கு வசனம் மறந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. நாடகம் பற்றி நான் பிறகு எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், இதைப்போல் ஒன்றை வாங்கியதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, "பிழைதான் அக்கா" என்றேன்.

வல்லிபுரம் அண்ணை ஒரு சூடை மீனைக் கையில் எடுத்து, செவுளை நீக்கிப் பார்த்து, திரும்ப வைத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். பரிமளம் அக்காவிடம் குனிந்து, இரகசியம் சொல்வதுபோல, சந்தை முழுவதுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"ஓம் பிள்ளை, நானும் கவனிச்சனான். ஆரோ புதுப் பெடியன். பழகினால் சரிவருவான்."